டிஸ்சார்ஜுக்குப் பின் எந்தப் பயிற்சி? இதயச் செயலிழப்பு நோயாளிக்கு உள்ள வழிகள்

மூச்சு வாங்கி, கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்த நிலையில் ஒருவரை அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசியில் ஏறுகிறது. ஓரிரு நாளில் லிட்டர் கணக்கில் சிறுநீர் பிரிகிறது, எடை இறங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுவது நிற்கிறது. கொஞ்ச நாளில் டிஸ்சார்ஜ். கையில் கொடுக்கும் சீட்டில் மாத்திரை வரிசை நீளமாக இருக்கும். உப்பு, தண்ணீர் அளவெல்லாம் எழுதியிருக்கும். உடலை எப்படி அசைப்பது என்பதற்கு மட்டும் ‘லேசாக நடக்கலாம்’ என்று ஒரே வரி. சில சீட்டுகளில் அதுவும் இராது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். “பம்பிங் முப்பதுதான் இருக்காம், அசையவே விடாதீங்க” என்பார் சித்தப்பா. (இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ ஸ்கேன் காட்டும் எண்தான் ‘பம்பிங்’.) “படுத்தே கிடந்தா அப்புறம் படுக்கைதான், காலையில மாடியில நாலு சுத்து நடக்க விடுங்க” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பெரிய மருத்துவமனை என்றால், “எங்களிடமே ரீஹேப் இருக்கிறது, வாரம் மூன்று நாள் வாருங்கள்” என்று மேற்பார்வையோடு நடக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் எண் உறவினர் யாரிடமாவது இருக்கும். கைபேசியில் வீடியோ வழியாகச் சொல்லித்தருபவர்களும் இப்போது உண்டு.

இவற்றில் எதை எடுப்பது? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி அறுபதைத் தாண்டியவர், தளர்ந்துபோய் வீடு திரும்பியவர் என்றால், முதல் மூன்று மாதம் கால் பலத்துக்கும் சமநிலைக்கும்தான் போகவேண்டும். நடையின் நீளத்தைக் கூட்டுவது அப்புறம். எங்கே செய்வது என்பது இரண்டாவது கேள்வி. வயது குறைந்தவர், எழுந்து நடமாடுவதில் சிரமம் இல்லாதவர் என்றால் பதில் வேறு. ‘பம்பிங் எவ்வளவு’ என்ற எக்கோ எண்ணை வைத்து இதை முடிவு செய்வதுதான் நம்மிடையே அதிகம் நடக்கும் பிழை என்பது என் எண்ணம்.

எக்கோ சொல்லாததை நாற்காலி சொல்லும்

முதலில் ‘அசையவே விடாதே’ கட்சியை முடித்துவிடலாம். இதயச் செயலிழப்புக்கு ஓய்வே மருந்து என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். 1980-களின் இறுதியிலிருந்து வந்த ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. இன்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே, செய்ய முடிந்த எல்லா இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உடற்பயிற்சியை மிக வலுவாகப் பரிந்துரைக்கின்றன. படுக்கையின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2007-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. அவர்கள் நோயில்லாதவர்கள். மூச்சுமுட்டி, சாப்பிட முடியாமல், வீக்கத்தோடு பல வாரம் வீட்டில் ஒடுங்கிக் கிடந்து பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர் எந்த நிலையில் இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நாற்காலி வருகிறது. முதியவர்களின் உடல் திறனை அளக்க ஒரு சின்னச் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண், மொத்தம் 12. முதல் பகுதி நிற்பது: பாதங்களைச் சேர்த்து வைத்து, பிறகு ஒன்றைச் சற்று முன்னே தள்ளி, பிறகு ஒன்றன் குதிகால் இன்னொன்றின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி. இரண்டாவது, நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடப்பது, 4.8 விநாடிக்குள் கடந்தால் முழு மதிப்பெண். மூன்றாவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. சுமார் 11 விநாடிக்குள் முடித்தால் நான்கு மதிப்பெண், 17 விநாடி ஆகிவிட்டால் ஒன்று, எழவே முடியாவிட்டால் பூஜ்யம்.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் டேலேன் கிட்ஸ்மன் தலைமையில் நடந்த ரீஹேப்-ஹெச்எஃப் என்ற ஆய்வு, திடீரென மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 349 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோரும் அறுபது வயதும் அதற்கு மேலும். சராசரி வயது 73 அளவில். இந்தச் சோதனையில் அவர்கள் எடுத்த சராசரி 12-க்கு 6. நூற்றுக்கு 97 பேர் தளர்ச்சி நிலையிலோ அதன் விளிம்பிலோ இருந்தார்கள். அதாவது, இவர்களில் பலருக்கு மாடியில் நாலு சுத்து நடப்பதற்கு முன்பே, உதவியின்றிக் கழிவறையிலிருந்து எழுவதே பெரும்பாடு.

அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, துல்லியமாகச் சொன்னால் 53 சதவீதத்தினருக்கு, பம்பிங் குறையவே இல்லை. இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் விரிந்து கொடுக்காது. அந்த வகைச் செயலிழப்பு. இவர்களிடம் ‘பம்பிங் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, வயசானதுதான் காரணம் என்று பயிற்சியை விட்டுவிடும் வீடுகள் உண்டு. பம்பிங் முப்பது என்று கேட்டுப் பயந்து படுக்க வைக்கும் வீடுகளும் உண்டு. இரண்டு வீட்டாருமே எக்கோவைப் பார்க்கிறார்கள், காலைப் பார்ப்பதில்லை.

நடையா, பலமா

நம் ஊரில் இதய நோயாளிக்கு உடற்பயிற்சி என்றாலே நடைதான். அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே: மாரடைப்புக்குப் பிந்தைய பயிற்சியிலிருந்து. நிலையாக இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு நடை, சைக்கிள் போன்றவை எந்த அளவு உதவும் என்று பார்த்த மிகப் பெரிய ஆய்வு ஹெச்எஃப்-ஆக்‌ஷன். 2009-ல் வெளியானது, அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2,331 பேர், எல்லோருக்கும் பம்பிங் 35-க்குக் கீழ். வயதில் நடுவாக இருந்தவர் 59. இறப்பும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சேர்ந்த கணக்கில் பயிற்சிப் பிரிவுக்குக் கிடைத்த அனுகூலம் சிறியது. முதற்கணக்கில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு, நோயின் தீவிரத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் சுமார் 11 சதவீதம் குறைவு. வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. பாதுகாப்பானது என்பதும் உறுதியானது.

அது நிலையாக இருந்தவர்களின் கதை, அதுவும் ஒப்பீட்டளவில் இளையவர்களின் கதை. நேற்றுவரை ஆக்சிஜனில் இருந்த 72 வயதுக்காரருக்கு அப்படியே பொருந்தாது. கால் பலமும் சமநிலையும் இல்லாதவரை நடையின் தூரத்தைக் கூட்டச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஐந்தாவது நிமிடத்தில் களைத்து ‘நமக்கு இது ஆகாது’ என்று நிறுத்திவிடுவார், அல்லது விழுவார். அஸ்திவாரம் போடாமல் மாடி எடுப்பதுபோல.

ரீஹேப்-ஹெச்எஃப் இதைத்தான் மாற்றியது. பலம், சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் என்று நான்கையும் ஒவ்வொருவரின் நிலைக்கேற்பக் கலந்து கொடுத்தார்கள்; எது மிகவும் பின்தங்கியிருக்கிறதோ அதில் கூடுதல் நேரம். முடிந்தவர்களுக்கு வார்டிலேயே தொடக்கம், பிறகு 12 வாரம், வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். மொத்தம் 36 அமர்வு. மூன்று மாத முடிவில் பயிற்சிப் பிரிவின் சராசரி மதிப்பெண் 8.3, வழக்கமான சிகிச்சைப் பிரிவுக்கு 6.9. ஒரு மதிப்பெண் வித்தியாசமே அன்றாட வாழ்வில் தெரியும் என்று கருதப்படும் அளவுகோலில் ஒன்றரை வித்தியாசம் வந்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 34 மீட்டர் அதிகம். மனச்சோர்வுக் கணக்கும் சற்று இறங்கியது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ரீஹேப் விளம்பரங்கள் சொல்லாது. ஆறு மாதத்தில் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கணக்கு பயிற்சிப் பிரிவில் ஆளுக்குச் சராசரியாக 1.18, மற்ற பிரிவில் 1.28. இது வித்தியாசமே அல்ல. இறப்பு பயிற்சிப் பிரிவில் 21, மற்ற பிரிவில் 16. இதுவும் தற்செயலுக்குள் அடங்கும் எண்தான், ஆனால் பயிற்சி உயிரைக் காக்கிறது என்று இந்த ஆய்வைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. ஆக, இந்தப் பயிற்சிக்குப் பணமும் நேரமும் செலவழிக்கப்போகும் குடும்பம் எதை வாங்குகிறது என்பதில் தெளிவாக இருக்கவேண்டும். வாங்குவது, தானே எழுந்து குளிப்பதையும், யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை போய்வருவதையும். ‘இனி அட்மிஷனே வராது’ என்ற உத்தரவாதத்தை அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, 2019-ல் 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரி சேர்க்கை குறைவதைக் கண்டது உண்மை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் நிலையான நோயாளிகள்.

என்னைக் கேட்டால், முதல் பொருளே போதுமான பொருள்.

வார்டிலேயே தொடங்குவதா, ஆறு வாரம் பொறுப்பதா

இதில் நாடுகளின் விதிகளும் ஆய்வுகளும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2014-லிருந்து இதயச் செயலிழப்புக்கான ரீஹேப் செலவை ஏற்கிறது. நிபந்தனை: பம்பிங் 35-க்குள் இருக்கவேண்டும், ஆறு வாரமாக மருந்து சரியாகப் போய்க்கொண்டிருக்கவேண்டும், கடைசி ஆறு வாரத்தில் பெரிய இதயப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கக் கூடாது. அதாவது ஆள் எப்போது அதிகம் தளர்ந்திருக்கிறாரோ அப்போது கதவு மூடியிருக்கும். பம்பிங் நன்றாக உள்ளவருக்கு எப்போதுமே மூடியிருக்கும். காப்பீட்டுக்காரர்கள் வகுத்த இந்த ஆறு வாரத்தை மருத்துவக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பொறுப்பதற்கு நியாயமான காரணங்கள் வேறு உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பவர், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க ஊசி மருந்து ஓடிக்கொண்டிருப்பவர், இதயத் துடிப்பு கட்டுக்குள் வராதவர், அசையாதபோதும் நெஞ்சுவலி வருபவர், பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கி அறிகுறி காட்டுபவர், இதயத் தசையில் அழற்சி உள்ளவர்: இவர்களுக்கு இப்போது பயிற்சி வேண்டாம். மற்றவர்களுக்கு, ஊசி மாத்திரையாக மாறி மூச்சு சீரானதும், கட்டிலோரம் உட்காருவதும் எழுந்து நிற்பதும் வார்டு நடைபாதையில் பத்தடி போய்வருவதும் தொடங்கலாம். மருத்துவர் சரி சொன்னபின். வார்டில் தொடங்குவதில் இன்னொரு லாபம், அங்கே பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், மானிட்டர் இருக்கிறது, பயம் தெளியும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் அந்த நாற்காலிச் சோதனையைச் செய்து, எண்ணைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம். அடுத்து வரும் பிசியோதெரபிஸ்டுக்கு எக்கோ ரிப்போர்ட்டைவிட அது உதவும்.

ஆஸ்பத்திரி, வீடு, வீடியோ, தானே

ஆஸ்பத்திரி ரீஹேப் பிரிவின் பலம் வெளிப்படை. பயிற்சியின்போது ஈசிஜி பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், நர்ஸ் இருப்பார், எடை கூடியிருந்தால் அன்றே மருத்துவர் கண்ணில் படும். பலவீனமும் வெளிப்படை: 36 அமர்வு என்றால் 72 பயணம். ஆட்டோ, கூட ஒரு ஆள், அந்த ஆளின் அரைநாள் சம்பளம். சம்பளத்தோடு பயிற்சியாளர்களை வைத்து நடத்திய ரீஹேப்-ஹெச்எஃப் ஆய்விலேயே, அமர்வுகளில் மூன்றில் இரண்டு பங்குதான் நிறைவேறியது. நம் நகரங்களில் நல்ல ரீஹேப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் சிலவே. மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் அரிது.

ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா என்ற சந்தேகத்தையும் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கிளப்பியது. 2008-க்கும் 2013-க்கும் இடையில், ஆஸ்பத்திரியிலிருந்து அண்மையில் திரும்பிய 278 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்குமே மருந்து, உணவு, எடை கவனிப்பு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி ஆலோசனை எல்லாம் கிடைத்தன. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, பயிற்சிக் கூடத்தில் மேற்பார்வையோடு பயிற்சி. ஓராண்டில் இறந்தவர்கள் அல்லது மீண்டும் சேர்ந்தவர்கள் அந்தப் பிரிவில் 60 சதவீதம், மற்றதில் 65. தற்செயலைத் தாண்டிய வேறுபாடில்லை. காரணம் பயிற்சி பயனற்றது என்பதல்ல. கூடம் கிடைக்காத பிரிவிலும் பெரும்பாலானோர் வீட்டிலேயே போதுமான அளவு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நல்ல ஆலோசனையும் தொடர்ந்த விசாரிப்பும் இருந்தால் கூடம் தரும் கூடுதல் லாபம் சிறியது என்றே நான் இதைப் படிக்கிறேன். எழுபதுக்கு உட்பட்டவர்களிடம் கூடத்துக்குச் சற்றுச் சாதகமான போக்கு தெரிந்தது, உறுதிப்படவில்லை.

வீட்டு வழிக்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் ரீச்-ஹெச்எஃப். நோயாளிக்கு ஒரு கையேடு, நாற்காலியில் உட்கார்ந்தும் நின்றும் செய்யும் பயிற்சிகளின் வீடியோ அல்லது நடைத் திட்டம், வீட்டில் கவனித்துக்கொள்பவருக்குத் தனிக் கையேடு. ஒரு நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ 12 வாரத்தில் சில முறை நேரில் வந்தும் போனிலும் வழிநடத்துவார். 216 பேரிடம் சோதித்தபோது நோய் வாழ்க்கையை அழுத்தும் அளவு கணிசமாகக் குறைந்தது. நடைத் திறனில் மட்டும் தெளிவான முன்னேற்றம் இல்லை. இந்தக் குறையை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: வீட்டில் செய்யும்போது பயிற்சியின் கடுமை கூடுவதில்லை. முதல் வாரம் கொடுத்த பத்து எண்ணிக்கையே பத்தாவது வாரமும் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர் வீட்டுப் பிசியோதெரபியிலும் இதுவே பெரிய குறை. அதற்கும் மேலே, வந்தவர் நோயாளியைப் படுக்க வைத்துக் கைகாலை மடக்கி நீட்டிவிட்டு, மெஷின் வைத்துவிட்டுப் போனால் அது இந்தப் பயிற்சியே அல்ல. பணம் கொடுப்பவர் ஒன்றைக் கவனித்தால் போதும்: அமர்வு முடியும்போது அப்பா எத்தனை முறை தானாக எழுந்து நின்றார்? போன வாரத்தைவிட அது கூடியதா?

வீடு தரும் லாபம் வேறெங்கும் கிடைக்காது. அவர் எந்தக் கட்டிலிலிருந்து எழவேண்டுமோ அதிலிருந்தே பழகலாம். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிறதா, வாசலில் மூன்று படி கைப்பிடி இல்லாமல் இருக்கிறதா, சாப்பாடு தரையில் உட்கார்ந்தா, எல்லாம் பிசியோதெரபிஸ்டின் கண்ணில் படும். ஆஸ்பத்திரி கூடத்தில் உள்ள சாய்வு நாற்காலி அதை எதையும் காட்டாது. நாற்காலிப் பயிற்சிக்கு இலேசான பிளாஸ்டிக் நாற்காலி என்றால் பின்பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் டைல்ஸில் அது பின்னால் ஓடிவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கதவும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வரும் பிசியோதெரபியும் ஓர் அங்கம். இதயத்துக்கென்று வகுத்த சேவை அல்ல. ஆனாலும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் மருத்துவர் எழுதிய வரம்புகளையும் காட்டினால், எழுந்து உட்காருவதும் சமநிலையும் எந்தப் பிசியோதெரபிஸ்டுக்கும் தெரிந்த வேலைதான். பிரைவேட்டில் காசு கொடுக்க முடியாத குடும்பங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வீடியோ வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரிஸ்பேனில் 53 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், நேரில் வந்தவர்களுக்கு இணையாக வீடியோக் குழுவினரும் தேறினார்கள், வருகை இன்னும் கூடுதலாகவே இருந்தது. போலந்தில் 850 பேருக்கு ஒன்பது வாரம், கையில் குச்சிகளோடு நடக்கும் நடையை ஈசிஜி கருவி கட்டித் தொலைவிலிருந்து கண்காணித்தார்கள். உடல் திறன் கூடியது, ஆனால் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாட்கள் கூடவில்லை. தள்ளாடாதவர், காது கேட்பவர், கைபேசியைப் பிடித்துக் காட்ட வீட்டில் ஒரு ஆள் உள்ளவர் என்றால் வீடியோ சரி. விழும் அபாயம் உள்ளவருக்கு முதல் மாதத்திலேயே வீடியோவை நம்பமாட்டேன்.

தானே நடப்பது, செலவில்லாத வழி. இதைத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கப்போவது இதுதான். அப்படியானால் நடையோடு நாற்காலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முறை எழுந்து உட்காருதல், பக்கத்தில் ஆள் நிற்க. நடை முதலில் வீட்டுக்குள், ஐந்து நிமிடமாகப் பிரித்து.

யாருக்கு எது

இந்தியாவில் நோயாளிகள் இளையவர்கள் என்பதை மறக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்த ஆய்வில் சராசரி வயது 61. ரீஹேப்-ஹெச்எஃப் ஆய்வுக் குழுவைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஐந்து ஆண்டில் அவர்களில் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். இந்த நோயைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐம்பது வயதுக்காரர், பம்பிங் குறைவு, நாற்காலியிலிருந்து பன்னிரண்டு விநாடிக்குள் ஐந்து முறை எழுகிறார், வேலைக்குத் திரும்பவேண்டும் என்றால், அவருக்குச் சமநிலைப் பயிற்சியில் நேரம் போக்கத் தேவையில்லை. மருந்து அளவுகள் நிலைப்பட்டதும் ஆஸ்பத்திரி ரீஹேப்பில் பத்துப் பன்னிரண்டு அமர்வாவது போய், எந்த வேகம் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு தானே நடை, சைக்கிள் என்று தொடரலாம். ஐசிடி கருவி (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய நெஞ்சில் வைப்பது) பொருத்தியவர் என்றால் அது ஷாக் கொடுக்கும் துடிப்பு எண் என்ன என்று கேட்டு, அதற்குப் பத்து இருபது துடிப்பு கீழேயே நிற்கவேண்டும். இதைச் சொல்லித்தர ரீஹேப் பிரிவுதான் சரியான இடம்.

எழுபதைத் தாண்டிய அம்மா, கையை ஊன்றினால்தான் எழுகிறார், போன வருடம் ஒருமுறை குளியலறையில் விழுந்தவர் என்றால், நேரில் ஒருவர் வேண்டும். வீட்டுப் பிசியோதெரபிஸ்ட், அல்லது ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருந்தால் அங்கே. பம்பிங் நன்றாக உள்ள வகை என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன்: ரீஹேப்-ஹெச்எஃப் முடிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது இந்த வகையினருக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. பிரித்துப் பார்த்த கணக்கை முழுதாக நம்பக் கூடாது என்பதால், இவர்களுக்கென்றே தனியாக ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கே செய்தாலும் பொதுவான சில. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவருக்கு நாடித்துடிப்பு நம்பத்தக்க அளவுகோல் அல்ல. கைக்கடிகார எண்ணைப் பார்த்துப் பயப்படவோ தைரியப்படவோ வேண்டாம். முழு வாக்கியம் பேச முடிகிற அளவு சிரமம், அதுவே எல்லை. காலையில் நீர் மாத்திரை போட்டதும் நடைக்குக் கிளப்பினால் பாதி வழியில் சிறுநீர் அவசரம் வரும், பலர் நடையை விடுவதே இதனால்தான். மாத்திரையைத் தள்ளுவதா, நடையைத் தள்ளுவதா என்று மருத்துவரிடம் கேட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மாடி நடை வேண்டாம்: நீர் மாத்திரையும் வியர்வையும் சேர்ந்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலோ, தலையணை ஒன்று அதிகம் தேவைப்பட்டாலோ, கணுக்கால் மீண்டும் வீங்கினாலோ, அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடவேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், ஐசிடி ஷாக் என்றால் நேரே அவசரப் பிரிவு.

பணத்தை எப்படிப் பிரிப்பது

குடும்பங்கள் சேர்த்து வைத்த பணத்தை முதல் மாதத்திலேயே கொட்டிவிடுகின்றன. தினம் ஒரு அமர்வு, இருபது நாள், அதோடு முடிந்தது. ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் வாரத்துக்கு 120 நிமிடம் என்பது வீட்டுப் பயிற்சியின் இலக்கு. நான்காவது முதல் ஆறாவது மாதத்தில் நடுவாக நின்றவர் செய்தது 95 நிமிடம். ஓராண்டு முடிவில் 74. ட்ரெட்மில்லோ சைக்கிளோ வீட்டுக்கே வாங்கித் தந்த ஆய்விலேயே இந்த நிலை. ஆகவே கையில் பன்னிரண்டு அமர்வுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், என் பிரிப்பு இப்படி இருக்கும்: முதல் மாதம் ஆறு, அடுத்த இரண்டு மாதத்துக்குச் சேர்த்து நான்கு, மீதி இரண்டை நான்காவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் வீட்டு ஆள் ஒருவர் எண்ணிக்கையை நோட்டில் எழுதிவரவேண்டும். கடைசி இரண்டு அமர்வில் பிசியோதெரபிஸ்ட் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம். நோட்டைப் பார்த்து, நாற்காலியையும் நான்கு மீட்டரையும் மறுபடி அளந்து, எதைக் கூட்டலாம் என்று சொன்னால் போதும்.